நிழல் விழும் பக்கம்

குளிர்நாட்டு மலைகளில் இலையுதிர்கால மரங்களைப் படமெடுப்போர் பலர், கதிரவன் மரத்திற்குப் பின்னே இருக்குமாறு நிற்கின்றனர். அப்போது ஒளி இலையை ஊடுருவி வருகிறது. பச்சையம் சிதைந்தபின் ஒளிரும் அம்மஞ்சள் புதிதாய் வந்ததன்று. இலைக்குள் முன்னரே மறைந்திருந்தது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசலில் அத்தகைய பருவம் இல்லை. ஆயினும் மாசி, பங்குனியில் வேம்பு பழுத்த இலைகளை உதிர்த்துச் செந்தளிர் விடும்போது, மாலை வெயிலுக்கு எதிர்நின்று நோக்குங்கள். ஒவ்வொரு தளிரும் நரம்பு தெரியச் சுடர்விடும்.

இக்காட்சிக்கு ஒரு நிபந்தனை உண்டு. மரத்தின் நிழல் விழும் பக்கத்தில் நாம் நிற்க வேண்டும். ஒளிப்படக் கருவியை வானத்தின் ஒளிக்கு அளவிட்டால் மரம் கரிய உருவாகிவிடும். தளிருக்கு அளவிட்டால் வானம் வெளிறிவிடும்.

மனிதரை மதிப்பிடுவதும் இவ்வாறே அன்றோ? சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் தொழிலாளியை எட்ட நின்று பார்த்தால் புகைபடிந்த முகமே தெரியும். அவருடைய கடனும் களைப்பும் நிழலாய் விழும் பக்கத்தில் சென்று நின்றால், பிள்ளையின் படிப்புக்காக அவர் தாங்கும் வெப்பம் தெரியும். அங்ஙனம் நிற்பதை நாம் இரக்கம் என்கிறோம். நீதி என்பதே பொருந்தும். அதனால் நம் பெருமை என்னும் வானம் சற்று வெளிறலாம், வெளிறட்டும்.