செருப்புக்குள் ஒரு பொடிக்கல்

போன வாரம் ஆபீஸ்ல ஒரு வேலையை டெஸ்ட் பண்ணாமலே, "முடிந்தது"ன்னு டிக்கெட்டை மூடிட்டேன். யாரும் கேட்கல. ஆனா ராத்திரி படுத்தா அதே நினைப்பு.

இந்த உறுத்தலுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்கு: ஸ்க்ரூபிள். தப்புன்னு தெரிஞ்சதைச் செய்யும்போது மனசு தயங்குதே, அது. எதுக்கும் துணிஞ்சவனை 'அன்ஸ்க்ரூபுலஸ்'னு சொல்றதும் இதை வச்சுத்தான். மூலம் லத்தீன் 'ஸ்க்ரூபுலுஸ்'. அர்த்தம், கூரான பொடிக்கல். பாதயாத்திரை நடந்தவங்களுக்கு விளக்கவே வேண்டாம்! நாமும் கண்ணுல விழுந்த தூசிக்கும் மனசுக்கும் "உறுத்துது"ன்னு ஒரே சொல்லைத்தானே சொல்றோம். பழைய மருந்துக்கடை எடையிலும் ஸ்க்ரூபிள் உண்டு. சுமார் 1.3 கிராம்தான். அவ்வளவு சின்னது.

இந்தக் கல்லை மனசுக்குள் வைத்துப் பேசியவர்களில் ஒருவர் ரோம் நாட்டு சிசரோ. கி.மு. 80-ல் ஒரு கொலை வழக்கு. அப்போது அவருக்கு வயது 26, என்னைவிடச் சின்னவர். ரோஸ்கியுஸ் என்பவரின் அப்பா கொலை செய்யப்பட்டார். 60 லட்சம் செஸ்டர்ஸ் பெறுமான சொத்து, 13 பண்ணைகள். அதை வெறும் 2,000 செஸ்டர்ஸுக்கு வாங்கிக்கொண்டவன் கிரிசோகோனுஸ், சர்வாதிகாரி சுல்லாவின் ஆள். பிறகு அப்பாவைக் கொன்றதாக மகன் மேலேயே பழி.

பழிக்குப் பின்னால் கிரிசோகோனுஸ் இருக்கிறான் என்று பேர் சொல்லியே வாதாடினார் சிசரோ. அந்த மகன் உயிரோடு இருக்கும்வரை அவனால் நிம்மதியாக அனுபவிக்க முடியவில்லையாம். மனதில் ராப்பகலாகக் குத்தும் அந்தக் கல்லைப் பிடுங்கித் தரும்படி நீதிபதிகளையே கேட்கிறானாம்! வழக்கில் சிசரோ ஜெயித்தார்.

எனக்கு இதில் பயமாக இருப்பது ஒன்றுதான். கொள்ளையடித்தவனுக்கும் உறுத்தியது. பண்ணைகளைத் திருப்பிக் கொடுத்தாலும் கல் போயிருக்கும். அவன் தேடியது வேற வழி. உறுத்தல் இருக்கு, அதனால நான் நல்லவன்னு இத்தனை நாள் நினைச்சிட்டு இருந்தேன். "டெஸ்டிங் டீம் பார்த்துக்கும்", "எல்லாரும் இப்படித்தான்"... நானும் கல்லை இப்படித்தான் பிடுங்கிப் போட்டிருக்கேன்.

திங்கட்கிழமை டிக்கெட்டைத் திரும்ப ஓப்பன் பண்ணேன். ரெண்டு பக் இருந்துச்சு. "ஏன் ரீ-ஓப்பன்?"னு லீட் மெசேஜ். உள்ளதை எழுதி அனுப்பிட்டேன். ப்ளூ டிக் விழுந்திருச்சு, பதில் இன்னும் வரல.