ஃப்ளாஷ் யார் முகத்தில்?

வீட்டில் கல்யாண ஆல்பம் இருந்தால் ஒரு தடவை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளை, பெண், பக்கத்தில் நாத்தனார், கண் கூசி முகத்தைச் சுளிக்கும் சின்னப் பையன்... எல்லாரும் பளிச். நாலு வரிசை தள்ளி நாற்காலியில் இருந்த பெரிய மாமா? இருட்டில் பாதி மூக்கும் கண்ணாடியும்தான் தெரிகிறது. மாமா வந்ததும் நிஜம், மொய் எழுதியதும் நிஜம். ஃப்ளாஷ் அவர் வரைக்கும் போகவில்லை, அவ்வளவுதான்.

இதற்குப் பின்னால் பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு ஒன்று இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும். 2 மீட்டரில் நிற்பவருக்கு முழுசாகக் கிடைப்பதில் 4 மீட்டரில் நிற்பவருக்குக் கால்வாசி. 8 மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. டிஜிட்டல் கேமராவின் தலையில் எவ்வளவு விலை உயர்ந்த ஃப்ளாஷை மாட்டினாலும் இந்த விதி அசையாது. எட்டும் தூரம் கொஞ்சம் கூடும், அவ்வளவே. மற்ற தொல்லைகளும் உண்டு. பல கேமராக்களில் ஷட்டர் வேகம் விநாடியில் 1/200, 1/250-ஐத் தாண்டினால் சாதாரண ஃப்ளாஷில் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். ஃபிலிம் காலத்துப் பழைய ஃப்ளாஷ் சிலவற்றில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். புதுக் கேமராவில் செருகினால் உள்ளே எதையாவது சுட்டுவிடலாம்.

'இது ஃபோட்டோகிராஃபர் கவலை, நமக்கென்ன?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அரியமங்கலத்துக்கு வாருங்கள்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகிற வழி. 1994-ல் திருச்சி, ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகள் சேர்ந்து மாநகராட்சி ஆயின. பல வருஷங்கள் ஊர்க்குப்பையெல்லாம் போய்ச் சேர்ந்த கிடங்கு அரியமங்கலத்தில்தான். சுமார் 47 ஏக்கர். பல கோடைகளில் தீப்பிடித்துப் புகைந்திருக்கிறது. பஸ்ஸில் போனவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள், அங்கேயே குடியிருப்பவர்கள் எதைச் சாத்துவார்கள்? பிறகுதான் 'பயோ மைனிங்' என்று பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை ஆரம்பமானது.

அப்படிப் புகைகிற ஒரு சாயங்காலம், ஒருவர் ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புகை அடர்த்தியாக இருந்தால் வெளிச்சம் புகைத்துகளில் பட்டு கேமராவுக்கே திரும்பும். படத்தில் வெள்ளைச் சுவர்தான் மிஞ்சும். புகை லேசாக இருந்தால்? கிட்டத்தில் சாக்குப்பையோடு நிற்கும் பெண்மணி மட்டும் பளிச்சென்று விழுவார். பின்னால் எல்லாம் கறுப்பு.

படத்தைப் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? அழுக்கு என்றால் அந்தம்மா, அந்தம்மா என்றால் அழுக்கு. அவரோ குப்பையைக் குறைக்கிற ஆள். குப்பை போட்ட ஆள், அதாவது காந்தி மார்க்கெட்டின் அழுகிய தக்காளி, தில்லைநகரின் பிளாஸ்டிக் பை, ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்து இலை, எல்லாம் அந்தக் கறுப்புக்குள் சௌகரியமாக ஒளிந்துகொண்டுவிட்டன. ஃப்ளாஷ் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவரைக் காட்டியது. பொறுப்பானவர் யார் என்று அதற்குத் தெரியாது.

அப்படியானால் வெளிச்சமே போடக் கூடாதா? ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸான் என்ற பிரெஞ்சு மேதை அப்படித்தான் நினைத்தார். ஃப்ளாஷ் அடிப்பதே மரியாதைக்குறைவு என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சி ஜேக்கப் ரீஸ். 1880களின் கடைசியில் நியூயார்க்கின் இருண்ட குடியிருப்புகளுக்குள் மருந்துப்பொடி கொளுத்தி வெளிச்சம் போட்டுப் படம் எடுத்தவர். 1890-ல் அவர் புத்தகம் வந்தபோது ஊரே அதிர்ந்தது, வீட்டுச் சட்டங்கள் மாற அதுவும் ஒரு காரணம். ஆனால், பார்வையற்ற ஏழைகள் இருந்த ஓர் அறையில் அதே பொடியால் தீப்பற்றி, ரீஸே சிரமப்பட்டு அணைக்க வேண்டியிருந்தது. காட்டப்போன வெளிச்சம் சுடவும் செய்யும்!

எனக்கு ரீஸ் கட்சிதான் பிடிக்கிறது, ஒரு திருத்தத்தோடு. நல்ல ஃபோட்டோகிராஃபர்களுக்குத் தெரிந்த வித்தை அது. ஃப்ளாஷ் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் எரிந்து முடிந்துவிடும். ஷட்டரை மட்டும் உடனே மூடாமல், கால் விநாடி திறந்தே வைத்தால், பின்னால் இருக்கும் மங்கல் வெளிச்சமும் மெதுவாக உள்ளே வரும். முகமும் தெரியும், மலையும், லாரியும், தூரத்து ஊரும் தெரியும். ஆனால் கை ஆடக் கூடாது. எதிரே இருப்பவரும் ஆடக் கூடாது. அதற்கு அவரிடம் போய், "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா? கொஞ்சம் அசையாம நிக்கிறீங்களா?" என்று கேட்க வேண்டும். 'வேணாம் தம்பி' என்றால் கேமராவை மூடவும் வேண்டும்.

கோபம், கண்டனம், வதந்தி என்று நாம் தினமும் யார் முகத்திலாவது அடிக்கிற ஃப்ளாஷுக்கும் இதே விதிதான். கையில் சிக்கியவர் மேல்தான் விழும். கால் விநாடி பொறுத்தால் பின்னால் நிற்பவர்களும் தெரிவார்கள்.

அடுத்த முறை பத்திரிகையில் குப்பைமேட்டுப் படம் வந்தால் பளிச்சென்ற முகத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கறுப்பாக இருக்கும் மூலையையும் உற்றுப் பாருங்கள். இன்று காலை நீங்கள் முடிச்சுப் போட்டு வாசலில் வைத்த பை அங்கேதான் இருக்கும்.