நீர்ச்சிறையும் அறக்கோட்டமும்





உபோசத தினங்களில் நாம் ஒன்றுகூடிப் பஞ்ச சீலங்களை ஏற்கும்பொழுது, உயிர்க்கொலை புரியோம் என்னும் முதற் சீலத்தை எல்லோரும் ஒரே குரலில் உரைக்கின்றோம். கொலை தீது என்பதில் நமக்குள் ஐயம் இல்லை. ஆனால், கொல்லாமலேயே ஓர் உயிரின் வாழ்வைப் பறித்துவிட முடியும். பறித்த கையில் ஒரு துளி இரத்தமும் இராது. பறிகொடுத்த உயிரைப் பார்த்து ஆயிரம் பேர் கைதட்டி மகிழவும் கூடும். டால்பின்களைத் தொட்டியில் அடைத்து வேடிக்கை காட்டுவது அத்தகைய செயல்களுள் ஒன்று. அதைக் குறித்தே இன்று சிந்திக்க விரும்புகின்றோம்.

நம் நெய்தல் நில மக்கள் ஓங்கில் என வழங்கும் இப்பிராணியை மீன் என்று எண்ணுவோர் பலர். அது மீனன்று. நம்மைப் போலவே வெப்பக் குருதி உடையது. குட்டி ஈன்று பாலூட்டுவது. நீர்மட்டத்திற்கு வந்து காற்றைச் சுவாசிப்பது. கூட்டமாகக் கூடி இரை தேடும். தாயும் குட்டியும் சில ஆண்டுகள் பிரியாமல் வாழும். கண்ணாடியில் தோன்றுவது தன் உருவமே என்று டால்பின் உணர்வதை 2001-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய சீழ்க்கை உண்டென்றும், அச்சீழ்க்கையை மற்றொருவர் ஒலித்தால் பெயர் சொல்லி அழைக்கப்பட்டதுபோல் மறுமொழி தருமென்றும் 2013-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி கூறிற்று. தன்னை அறிவதும், தன் இனத்தாரைப் பெயரிட்டு அறிவதுமாகிய ஓர் உயிரைக் குறித்தே நாம் பேசுகின்றோம்.

அதன் உலகம் ஒலியால் ஆகியது. தான் எழுப்பும் ஒலி பொருள்களின்மீது பட்டுத் திரும்புவதைக் கொண்டு, இருள் சூழ்ந்த நீரிலும் அது வழியறியும், இரையறியும். கடலில் ஒரு நாளில் பற்பல கல் தொலைவு நீந்திச் செல்லவல்லது. அதனைச் சிமெண்டுத் தொட்டியில் இட்டால், எப்பக்கம் ஒலித்தாலும் சுவரே விடையாக வரும். அலை இல்லை, ஆழம் இல்லை, துரத்திப் பிடிக்க இரை இல்லை, உடன்பிறந்த கூட்டம் இல்லை. சீழ்க்கை ஊதினால் துள்ள வேண்டும். துள்ளினால் ஒரு செத்த மீன் கிடைக்கும். அதுவே கூலி.

ஆயினும் அது சிரித்துக்கொண்டிருக்கிறதே என்பர் பார்ப்போர். அன்பர்களே, அச்சிரிப்பு மகிழ்ச்சியின் அடையாளமன்று. அதன் தாடையின் அமைப்பு அத்தகையது. துன்பத்திலும் அதே முகம். நோயிலும் அதே முகம். செத்துக் கிடக்கும்பொழுதும் அதே முகம். உருவத்தைக் கண்டு உள்ளத்தை முடிவு செய்வது அவித்தை. அந்த அவித்தையின்மேல் கட்டப்பட்டதே இவ்வேடிக்கைத் தொழில்.

அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் 1938-இல் மரைன் ஸ்டூடியோஸ் என்னும் காட்சிசாலை திறக்கப்பட்டபின் இத்தொழில் பெருகலாயிற்று. 1964 முதல் 1967 வரை அந்நாட்டுத் தொலைக்காட்சியில் ‘ஃபிளிப்பர்’ என்னும் தொடர் காட்டப்பட்டது. அதில் நடித்த டால்பின்களைப் பழக்கியவர் ரிக் ஓ’பாரி என்பவர். அவற்றுள் கேத்தி என்பது 1970-இல் அவர் கைகளிலேயே உயிர்விட்டது. நமக்கு மூச்சு உறக்கத்திலும் தானே ஓடுகின்றது. டால்பினுக்கோ ஒவ்வொரு மூச்சும் நினைந்து எடுக்கும் மூச்சு. கேத்தி ஒரு மூச்சை எடுத்தது, அடுத்ததை எடுக்க மறுத்தது என்றே அவர் இன்றளவும் சொல்லி வருகின்றார். அவ்வாறு அது தானே மூச்சை நிறுத்தியதா என்பதை எவரும் அளந்தறிதல் இயலாது. ஆனால் அம்மனிதரின் உள்ளம் அன்றே திரும்பிற்று. பிடித்துப் பழக்கிய அதே கைகளால் விடுவிக்கும் பணியை அவ்வாண்டிலேயே தொடங்கினார். ஆனாபான சதியில் அமர்ந்து மூச்சைக் கவனிக்கப் பழகும் நாம், மூச்சையே வேண்டாமென்னும் நிலைக்கு ஓர் உயிர் தள்ளப்படுவது எத்தகைய துக்கம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, சீலத்தின் வழியே இதனை ஆராய்வோம். “நாங்கள் கொல்லவில்லை, உணவளிக்கின்றோம், மருத்துவம் செய்கின்றோம்” என்பர் காட்சிசாலையார். முதற் சீலத்திற்கு மட்டும் அவர்கள் விடையளித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாம் சீலம் என்ன சொல்கின்றது? அளிக்கப்படாததை எடுத்துக்கொள்ளாதே என்கின்றது. பொன்னும் பொருளும் மட்டுமா அளிக்கப்படாதவை? அந்த உயிர் தன் கடலை நமக்கு அளித்ததா? தன் தாயை அளித்ததா? தன் நாட்களை அளித்ததா? இவை யாவும் அளிக்கப்படாமல் எடுக்கப்பட்டவை. பிறர் பொருளைக் கவர்ந்தவன் திருப்பித் தர முடியும். கவர்ந்த பத்தாண்டுகளை எவன் திருப்பித் தருவான்?

விலங்கு நாணயங்களை வைத்துக்கொள்வதில்லை. ஆகவே அதனிடம் திருடுவதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணுகின்றோம். உண்மை அதற்கு நேர்மாறானது. அதன் உடைமை அதன் வாழ்வு ஒன்றே. ஆதலின் அதை எடுப்பவன் அதன் செல்வம் முழுவதையும் எடுக்கின்றான்.

மேலும், இல்லறத்தார் செய்யலாகாத வாணிகங்கள் ஐந்து எனப் பகவன் வகுத்தருளினார். ஆயுதம், இறைச்சி, மது, நஞ்சு ஆகியவற்றோடு உயிர்களை விற்பதும் அவற்றுள் ஒன்று. ஜப்பானிலுள்ள தாய்ஜி என்னும் கடற்கரையூரில், படகுகளிலிருந்து இரும்புக் குழாய்களை அடித்து ஓசையெழுப்பி, டால்பின் கூட்டங்களை விரிகுடாவிற்குள் துரத்துகின்றனர். காட்சிக்கு ஏற்றவை பிரிக்கப்பட்டு விற்கப்படும். மற்றவற்றுள் பல கொல்லப்படும். பௌத்தம் தழைத்த நாட்டிலும் இது நிகழ்கின்றதென்பதை மறைப்பதில் நமக்குப் பெருமையில்லை. இவ்வாறு பிடிக்கப்பட்டவற்றை வாங்கலாகாது என்று அந்நாட்டு விலங்குக் காட்சிசாலைகளின் சங்கம் 2015-இல் தன் உறுப்பினர்களைத் தடுத்தது. அத்தடை உலகக் கண்டனத்தின்பின் வந்தது. வாங்குவோர் குறைந்தால் வலையும் சுருங்கும் என்பதற்கு அது சான்று. நுழைவுச் சீட்டு வாங்கும் நாமும் அவ்வாணிகத்தின் கடைக்கோடியில் நிற்கின்றோம் அல்லவா?

குழந்தைகளுக்கு உயிர்களிடம் அன்பு பிறக்க இக்காட்சிகள் உதவும் என்பாரும் உண்டு. குழந்தை அங்கே கற்பது என்ன? வலியது எளியதை அடைக்கலாம். பசியைக் காட்டிப் பணியவைக்கலாம். அதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதே. அன்பு என்னும் பெயரால் ஆதிக்கத்தைக் கற்பித்தல் ஆகாது.

நம் பாரத நாடு இதில் நல்லதொரு முடிவை எடுத்தது. 1990-களின் பிற்பகுதியில் சென்னையை அடுத்த ஒரு கேளிக்கைப் பூங்காவிற்குப் பல்கேரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட டால்பின்கள் சில திங்களுக்குள் மடிந்தன. பின்னர் வேறு பல நகரங்களிலும் இத்தகைய சாலைகளைக் கட்டத் திட்டங்கள் எழுந்தபொழுது, 2013 மே மாதத்தில் மத்திய அரசு டால்பின் காட்சிசாலைகளுக்கு இசைவு தரலாகாது என மாநிலங்களுக்கு அறிவித்தது. டால்பின்களை மனிதரல்லாத நபர்களாகவே கருத வேண்டும் என்னும் அறிஞர் சிலரின் கருத்தையும் அச்சுற்றறிக்கை எடுத்துக்காட்டிற்று.

இது புதிய எண்ணம் என்று சிலர் வியந்தனர். தம்மத்தை அறிந்தோர் வியக்கமாட்டார்கள். அசோக மாமன்னர் முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தபின் பொறிக்கச் செய்த ஐந்தாம் தூண் சாசனத்தில், கொல்லலாகாத உயிர்களின் பட்டியல் ஒன்று உள்ளது. அதிற் கங்கைக்குரிய ஓர் உயிரின் பெயர் வருகின்றது. அது கங்கை டால்பினையே குறிக்கும் என ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். அதே சாசனத்தின் முடிவு நம் கவனத்திற்குரியது. அந்த இருபத்தாறு ஆண்டுகளில் இருபத்தைந்து தடவை சிறைப்பட்டோரை விடுவித்ததாக மன்னர் அங்கே கூறுகின்றார். உயிர்களுக்கு அபயம் அளித்தலும் சிறைக்கதவைத் திறத்தலும் ஒரே கல்லில், ஒரே கட்டளையில் நிற்கின்றன. கருணை இரண்டு வகைப்படாது என்பதை இதனினும் தெளிவாக எவ்வாறு உரைப்பது?

அக்கங்கை டால்பினையே நம் நாடு 2009-இல் தேசிய நீர்வாழ் விலங்காக ஏற்றது. பீகாரில் சுல்தான்கஞ்சிலிருந்து கஹல்கான் வரையுள்ள கங்கைப் பகுதி 1991-இல் அதற்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. அப்புகலிடத்தின் பெயர் விக்கிரமசீலம். அதீசர் முதலான ஆசாரியர்கள் விளங்கிய மகாவிகாரையின் பெயரே அது. நம் நதிகளில் வாழும் டால்பின்கள் 6,327 என 2025-இல் வெளியிடப்பட்ட கணக்கெடுப்பு கூறுகின்றது. குழந்தைகளுக்கு டால்பினைக் காட்ட விரும்புவோர் அந்நதிக்கரையில் நின்று காட்டலாம். கணப்பொழுதே அது நீர்மேல் தோன்றி மறையும். கிடைக்கும் காட்சி சிறிது, ஆனால் அது அளிக்கப்பட்ட காட்சி, பறிக்கப்பட்டதன்று.

தமிழராகிய நமக்கும் இதில் ஒரு மரபு உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில், சோழ மன்னன் என்ன வேண்டுமென வினவியபொழுது, மணிமேகலை பொன் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தருமாறு கேட்டாள். மதில் அப்படியே நின்றது. அதனுள் நிகழ்வது மாறிற்று.

இதுவே நமக்கு வழி. தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த டால்பினைத் திடீரெனக் கடலில் விட்டால் அது பிழைக்கமாட்டாது. பிரக்ஞை இல்லாத கருணையும் துன்பம் விளைவிக்கும். கோயில் வாயிலில் பறவைகளை விலை கொடுத்து வாங்கிப் பறக்கவிடுவோர், மீண்டும் பிடிப்பவனுக்கே கூலி தருகின்றனர். ஆனால் கொரியாவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். கடலிலிருந்து பிடிக்கப்பட்டுக் காட்சிகளில் ஆடவைக்கப்பட்ட ஜேடோல், சுன்சாம், சாம்பால் என்னும் மூன்று டால்பின்களை, ஜெஜு தீவின் கடலில் வலைக்கூடமைத்து, உயிர்மீன் பிடிக்க மீண்டும் பழக்கினர். 2013-இல் அவை கடலுக்குத் திரும்பின. அவற்றுள் பெண் டால்பின்கள் இரண்டும் 2016-இல் குட்டிகளோடு நீந்தக் காணப்பட்டன. விடுவிக்க இயலாதவற்றைக் கடலோர வேலிப் புகலிடங்களில் அமைதியாக வாழவிடலாம். இனியும் பிடிக்காமலும் வேடிக்கைக்கென ஈனவைக்காமலும் இருக்கலாம். கனடா நாடு 2019-இல் அவ்வாறே சட்டம் இயற்றிற்று.

நாம் செய்யத்தக்கது யாது? வெளிநாடு செல்லும் நம் குடும்பத்தினர் பலர், அங்கே டால்பின் ஆட்டத்தைக் காண்பதை ஒரு பேறாகக் கருதுகின்றனர். எல்லோரும் போகின்றார்களே என்னும் சொல் நமக்குத் தகாது. அச்சீட்டை வாங்கோம் என்று உறுதி கொள்வோம். குழந்தை காரணம் கேட்டால், அதற்கும் ஒரு தாய் உண்டு என்று சொல்வோம். குழந்தைக்கு அது விளங்கும். அவ்வாறு சொல்வதற்கு முன், நம் வீட்டுத் தாழ்வாரத்திற் கிளிக்கூண்டு தொங்குகின்றதா என்றும் பார்த்துக்கொள்வோம். தொலைவிலுள்ள சிறையைக் கண்டிப்பவன் தன் வீட்டுச் சிறைக்குக் காவலனாய் இருத்தல் கூடாது.

இன்றிரவு மைத்திரி பாவனையில் அமரும்பொழுது, நான்கு சுவர்களுக்குள் சுற்றிச் சுற்றி நீந்தும் அவ்வுயிர்களையும் நினைவிற் கொள்வோமாக. அவற்றின் ஒவ்வொரு மூச்சும் நம் ஒவ்வொரு மூச்சோடு சேரட்டும். நிலத்தில் உள்ளனவும், நீரில் உள்ளனவும், கண்ணுக்குத் தெரிவனவும் தெரியாதனவுமாகிய சகல ஜீவர்களும் கட்டு நீங்கிச் சுகமடைவனவாக.

சாது! சாது! சாது!