வண்டல் அடிக்கும் முன்

கோடையில் ஏரி வற்றினால் தருமபுரிப் பக்கம் வண்டல் அடிப்பார்கள். அன்று மாட்டுவண்டி, இன்று டிராக்டர். கருகருவென்று பாளம் பாளமாக வெடித்த மண்ணை வெட்டிக்கொண்டு போய் மேட்டு நிலத்தில் இறைத்தால் கேழ்வரகும் நிலக்கடலையும் தெம்பாக வரும். ஏரியின் அடியில் கிடப்பது மழை கொண்டுவந்த மண்தான் என்ற நம்பிக்கையில் நடந்த வேலை அது.

தென்பெண்ணை அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. நந்தி மலையில் பிறக்கும் ஆறு, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே வந்து சேரும் பெங்களூரின் கழிவைச் சுமந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி, கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி இருமத்தூர்ப் பக்கம் நம் மாவட்டத்துக்கு வருகிறது. நுரையைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறோம். அது காற்றோடு போய்விடும். கழிவோடு வரும் ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள் நுண்ணிய களிமண்ணில் ஒட்டி, தண்ணீர் தேங்கும் அணை, ஏரிகளின் அடியில் தங்கும். பாஸ்பரசும் அங்கேதான் சேரும். அடிநீரில் ஆக்சிஜன் குறைந்தால், இரும்போடு பிணைந்திருந்த அது விடுபட்டு மேலே வந்து ஆகாயத்தாமரையைக் கொழுக்க வைக்கும். சாக்கடையை இன்றைக்கே அடைத்தாலும் பழைய சேறு பல ஆண்டு விடாது.

அள்ளிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் பாதரசச் சேற்றை அள்ளும் வேலை 1977-இல் தொடங்கி 1990-இல்தான் முடிந்தது. அள்ளிய சேறு மறையவில்லை. கடலோரத்தில் தடுப்புச் சுவருக்குள் அடைத்து, மேலே மண் மூடி, 58 ஹெக்டேர் நிலமாக்கினார்கள். உலோக நஞ்சுக்கு அழிவில்லை. தூர்வாருவது அதை இடம் மாற்றுவதுதான். அப்படியானால் அது யார் நிலத்துக்குப் போகிறது என்பதே பெரிய கேள்வி. கவனிக்காமல் விட்டால், ஏரியில் கிடந்த விஷம் ஏழை விவசாயியின் வயலுக்கு இலவச உரமாக வந்து சேரும்.

ஃபுளோரைடு தண்ணீரால் பல்லில் காவி படிந்த தலைமுறைகளைக் கண்ட மாவட்டம் இது. கண்ணுக்குத் தெரியாதது உடம்பில் என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மழைநீர் மட்டுமே சேரும் ஏரியின் வண்டல் இன்றும் பொன்தான். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் சாக்கடையோ ஆலைக்கழிவோ கலக்கும் ஏரிகளில், வண்டல் எடுக்க அனுமதிச் சீட்டு கொடுக்கும்போதே மண் பரிசோதனை முடிவையும் அதிகாரிகள் விவசாயி கையில் தமிழில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், விவசாயிகளே, வண்டியைக் கட்டும் முன் கேட்டு வாங்குங்கள்.