ஓதப் போன பிள்ளையை யார் விசாரிப்பது?

ஜுமுஆ உரை, வாடிப்பட்டி



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே, பெரியவர்களே, வாலிபச் சகோதரர்களே, பிறகு இதை வீட்டில் இருந்து ஃபோனில் வாசிக்கப் போகிற தாய்மார்களே! ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் பிள்ளை காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்டால் உடனே சொல்வீர்கள். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அரைநாள் வேலையை விட்டுவிட்டுப் போய் வந்திருக்கிறீர்கள். அதே பிள்ளை மக்தபில் இன்று எந்தப் பாடத்தில் இருக்கிறான்? எந்த ஸூராவை மனனம் செய்கிறான்? ஓதிக்கொடுக்கிற உஸ்தாதின் பெயர் என்ன? "ஹஜ்ரத்" என்று மட்டும்தான் நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும்.

உங்களைக் குற்றம் சொல்ல நான் மிம்பரில் ஏறவில்லை. முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் வேறோர் ஊரில் நான் மக்தப் நடத்திக்கொண்டிருந்தேன். மஃரிபுக்குப் பிறகு ஒரு மணி நேரம். பிள்ளைகள் 35 பேர். வருகைப் பதிவு, துஆ, சத்தம் அடங்குவது இதற்கே பத்து நிமிடம் போய்விடும். மிச்சம் 50 நிமிடத்தை 35ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம்கூடக் கிடைக்காது. பின்வரிசையில் ஒரு பையன் இருந்தான். சேட்டை கிடையாது, தினமும் வருவான். பக்கத்துப் பையன் ஓதுவதைக் காதில் வாங்கி அப்படியே திருப்பி ஓதிவிடுவான். நானும் 'பாஸ்' என்று டிக் போட்டுக்கொண்டே வந்தேன். காயிதா முடிந்தது, அம்ம ஜுஸ்வுக்கு வந்துவிட்டான். ஒருநாள் நல்ல மழை, வேறு யாரும் வரவில்லை, அவன் மட்டும் வந்திருந்தான். சும்மா காயிதாவைத் திறந்து ஓர் எழுத்தைக் காட்டினேன். ஜீம் எது, ஹா எது என்று அவனுக்குத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு வருஷமாக நான் போட்ட டிக் அத்தனையும் பொய்.

மறு வாரம் முதல் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவனுடைய அத்தா அன்பாக உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, "அதான் அம்ம ஜுஸ்வு வரைக்கும் ஓதிட்டானே ஹஜ்ரத், இனிமே டியூஷன் இருக்கு, போதும்" என்றார். அவர் மீது என்ன தவறு? நான் போட்ட டிக்கை அவர் நம்பினார். உண்மையைச் சொல்ல எனக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த இரண்டு வருஷத்தில் ஒருவர்கூட மக்தபுக்குள் வந்து பிள்ளைகளை ஓதவைத்துக் கேட்கவில்லை. கரண்ட் பில்லை வரிக்கு வரி கேட்ட நிர்வாகம் அது. யாராவது வந்து கேட்டிருந்தால், "ஒருவனால் 35 பேரைப் பார்க்க முடியவில்லை, இன்னோர் உஸ்தாது வேண்டும்" என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இடையில் ஒரு பிள்ளை போய்விட்டான்.

சகோதரர்களே, நம் பிள்ளைகள் படிக்கிற அரசுப் பள்ளியில் மார்க்கக் கல்வி கிடையாது. இருக்கவும் முடியாது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 28வது பிரிவு. அரசு உதவி பெறும் பள்ளியிலும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மதபோதனையில் உட்காரவைக்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. அது நமக்கும் பாதுகாப்புத்தான். ஆகவே தீனைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு மொத்தமும் வீட்டுக்கும் மக்தபுக்கும் வந்து சேர்கிறது.

பள்ளிக்கூடத்தை மேற்பார்வை பார்க்கக் கல்வி அதிகாரி இருக்கிறார். மக்தபுக்கு யார் வருவார்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 17வது பிரிவு இருக்கிறது. 2012ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று எழுதினார்கள். நம் சமுதாயத்தில் பலர் அதைச் சலுகையாகப் பார்த்தார்கள். நான் அதை அமானிதமாகப் பார்க்கிறேன். வெளியிலிருந்து யாரும் வந்து பார்க்கமாட்டார்கள் என்றால், பார்க்கவேண்டியவர்கள் இங்கே ஸஃப்பில் உட்கார்ந்திருக்கிற நாம்தான்.

விவசாயம் பார்க்கிறவர்களுக்கு நான் அதிகம் விளக்கவேண்டியதில்லை. பேரணையில் ஷட்டரைத் திறந்தாயிற்று, பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்தாயிற்று என்று வீட்டில் படுத்துக்கொள்கிற ஆள் உண்டா? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்து போவீர்கள். எங்கே உடைப்பு, எங்கே அடைப்பு, கடைமடை வயல் நனைந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் வருவீர்கள். பிள்ளையின் தலையில் தொப்பியை வைத்து அனுப்புவது ஷட்டரைத் திறப்பது மாதிரி. அவன் நெஞ்சில் என்ன போய்ச் சேர்ந்தது என்பதைக் கூடவே நடந்து போய்த்தான் பார்க்கவேண்டும்.

மேற்பார்வை என்றதும் சில உஸ்தாதுமார்களுக்குச் சங்கடமாக இருக்கும். "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்பார்கள். நபி (ஸல்) அவர்களைவிட நம்பிக்கைக்குரியவர் யார்? அப்படியிருந்தும் ஒவ்வொரு ரமலானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து, நபியவர்களோடு குர்ஆனை ஓதிச் சரிபார்த்தார்கள். நபியவர்கள் வஃபாத்தான அந்தக் கடைசி வருஷத்தில் இரண்டு முறை. இது புகாரியில் வருகிறது. ஓதியதை இன்னொருவர் முன்னால் ஓதிக்காட்டுவது அவமானம் இல்லை, அது குர்ஆன் இறங்கிய காலத்திலேயே இருந்த வழக்கம்.

பொறுப்பு யாருக்கு என்பதிலும் சந்தேகம் இல்லை. ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், தன் பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸை எத்தனையோ ஜுமுஆவில் கேட்டிருக்கிறீர்கள். ஸூரத்துத் தஹ்ரீமின் 6வது வசனமும், தன்னோடு சேர்த்துத் தன் குடும்பத்தாரையும் நரகத்திலிருந்து காக்கும் கடமையை மூமின்கள் மீது வைக்கிறது. உஸ்தாதிடம் ஒப்படைத்துவிட்டால் அந்தக் கடமை தீர்ந்தது என்று அதில் இல்லை.

இன்னொரு சம்பவம். நாம் வழக்கமாக அதன் முதல் பாதியைத்தான் சொல்வோம். பத்ரில் கைதியான குறைஷிகளில் சிலரிடம் மீட்புத்தொகை கட்டப் பணம் இல்லை. அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே அவர்களுடைய மீட்புத்தொகையாக நபி (ஸல்) அவர்கள் ஆக்கினார்கள். கல்வியின் சிறப்புக்கு இதை மேற்கோள் காட்டிவிட்டு முடித்துக்கொள்கிறோம். முஸ்னது அஹ்மதில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு இதோடு முடியவில்லை. ஒருநாள் ஒரு சிறுவன் அழுதுகொண்டு தன் அத்தாவிடம் வந்தான். என்னப்பா என்று கேட்டார். வாத்தியார் அடித்துவிட்டார் என்றான். அந்தத் தகப்பனார், இவன் பத்ருக்குப் பழிதீர்க்கப் பார்க்கிறான் என்று கோபப்பட்டு, இனி அவனிடம் நீ போகவே வேண்டாம் என்று சத்தியமிட்டுத் தடுத்துவிட்டார்.

அந்தத் தகப்பனார் என்ன செய்தார் என்று கவனியுங்கள். பிள்ளை அழுவதைப் பார்த்தார், காரணம் கேட்டார், பிள்ளை சொன்னதைக் கேட்டார், முடிவெடுத்தார். நம் ஊரில் என்ன சொல்கிறோம்? "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்க ஹஜ்ரத்" என்று சொல்லித்தான் சேர்த்துவிடுகிறோம். தயவுசெய்து இனி அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். அது ஓர் உஸ்தாதின் கையில் நீங்களே கொடுக்கிற பிரம்பு. பத்து வருஷம் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை 'சீ' என்றுகூட நபியவர்கள் சொன்னதில்லை. அடித்துத்தான் குர்ஆன் வரும் என்றால் அந்த வழி நபியவர்களுடையது அல்ல.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டியிருக்கிறது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012ல் வந்தது. கல்வி உரிமைச் சட்டத்தில் உள்ள விலக்கு இதில் இல்லை. மதரஸாவுக்கும் பள்ளிவாசலுக்கும் இது முழுமையாகப் பொருந்தும். தெரிந்தும் புகார் செய்யாமல் மறைத்தால் மறைத்தவரும் குற்றவாளி. ஊர்ப் பெயர் கெட்டுவிடும் என்று பஞ்சாயத்துப் பேசி முடிக்கிற வேலை இந்த விஷயத்தில் ஹராம் என்றே நான் சொல்வேன். 1098 என்ற எண்ணை மக்தப் சுவரில் எழுதிவைப்பதில் எந்தக் கேவலமும் இல்லை. ஓதும் அறையின் கதவு திறந்தே இருக்கட்டும். நல்ல உஸ்தாதுக்கு அதுதான் பாதுகாப்பு.

மற்ற இடங்களில் எப்படிச் செய்கிறார்கள்? குமுளியைத் தாண்டினால் கேரளா. அங்கே 1951ல் சமஸ்தாவின் மார்க்கக் கல்வி போர்டைத் தொடங்கினார்கள். இன்றைக்குப் பத்தாயிரத்துக்கும் அதிகமான மதரஸாக்கள் அதன் கீழ் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே பாடத்திட்டம். 5, 7, 10, பிளஸ் டூ வகுப்புகளுக்குப் பொதுப் பரீட்சை. 'முஃபத்திஷ்' என்று ஒருவர், அதாவது பரிசோதகர், மதரஸா மதரஸாவாகப் போய்ப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கிறார். சிங்கப்பூரில் நம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, அங்கே 2017லிருந்து பதிவு செய்யாமல் ஒருவர் மார்க்கக் கல்வி நடத்த முடியாது. இலங்கையில் அரசுப் பள்ளியிலேயே முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம் ஒரு பாடம், தமிழில் பாடநூல், பொதுப் பரீட்சை. அங்கெல்லாம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஜீமும் ஹாவும் தெரியாமல் இரண்டு வருஷம் யார் கண்ணிலும் படாமல் போவது அங்கே கொஞ்சம் கஷ்டம்.

நமக்கும் ஒரு மரபு இருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள், 1898ல் வஃபாத்தானவர்கள், மார்க்கச் சட்டங்களை அரபுத் தமிழில் எழுதினார்கள். ஆலிம்கள் மட்டும் படிக்கவா? அரபு எழுத்து மட்டும் தெரிந்த பெண்களும் தங்கள் பாஷையில் பர்ளு, சுன்னத்தைப் புரிந்துகொள்ளட்டும் என்றுதான். நம் பாட்டிமார்களில் பலருக்கு ஒளூ எதனால் முறியும் என்று விவரமாகத் தெரியும். இன்றைக்கு யாஸீனை வேகமாக ஓதுகிற பையனிடம், தினமும் ஓதும் ஃபாத்திஹாவில் அல்லாஹ்விடம் என்ன கேட்கிறாய் என்றால் விழிக்கிறான். அதனால் பரிசோதிக்கும்போது உச்சரிப்போடு நிறுத்தாதீர்கள். புரிந்ததா என்றும் கேளுங்கள்.

விசாரிக்க வருகிறவர் எப்படி வரவேண்டும் என்பதற்கும் அதபு உண்டு. வசதியான ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, பிள்ளைகள் முன்னால் உஸ்தாதைச் சத்தம் போட்டுவிட்டுப் போவது மேற்பார்வை ஆகாது. உஸ்தாதின் கண்ணியம் போனால் அவர் சொல்லித்தரும் பாடமும் போய்விடும். குறை இருந்தால் தனியாகச் சொல்லுங்கள். அவரிடம் கேட்கும் முன்னால் உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அவருக்கு என்ன கொடுக்கிறோம்?

நம் ஹனஃபி மத்ஹபின் முற்கால இமாம்கள் குர்ஆன் கற்றுக்கொடுக்கக் கூலி வாங்குவதை அனுமதிக்கவில்லை. பிற்கால ஆலிம்கள் அனுமதித்தார்கள். ஏன்? பைத்துல்மாலில் இருந்து வந்த உதவி நின்றுபோனது. உஸ்தாதுமார்கள் பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போனால் குர்ஆன் ஓதிக்கொடுக்க ஆள் இருக்காது என்று பயந்தார்கள். அந்தப் பயம் இன்றைக்கு நம் கண் முன்னால் நடக்கிறது. ஆலிம் பட்டம் வாங்கியவர் காலையில் வண்டி ஓட்டிவிட்டு மாலையில் களைத்துப்போய் மக்தபில் உட்காருகிறார். அவரிடம் போய் "ஏன் பிள்ளை சரியாக ஓதவில்லை?" என்றால் அது நியாயமா? குறைந்தபட்சம் 2009ல் தமிழக அரசு அமைத்த உலமாக்கள் நல வாரியத்தில் நம் உஸ்தாதுமார்கள் பதிவு செய்திருக்கிறார்களா என்றாவது நிர்வாகம் பார்க்கட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய பிள்ளையானதும் ஓதுவதை நிறுத்திவிடுகிறோம். தொழுகையும் நோன்பும் கடமையாகிற வயதும் அதுதான். சட்டங்கள் தேவைப்படும்போது பாடம் நின்றுபோகிறது. ஓர் ஆலிமாவை வைத்துத் தனி நேரம் ஒதுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். உங்களில் யாருடைய வீட்டில் ஆலிமா படித்த மருமகள் இருக்கிறாரோ, தொழுகை முடிந்ததும் வந்து சொல்லுங்கள்.

நம் மக்தபுக்கு மூன்று பேரை நியமிக்கலாம் என்று முத்தவல்லியோடு பேசியிருக்கிறோம். நம் ஜமாஅத்தில் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், தஜ்வீத் தெரிந்த வாலிபர் ஒருவர், பெண் பிள்ளைகளுக்காகத் தாய்மார்களில் ஒருவர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, உஸ்தாதை வைத்துக்கொண்டே, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக ஐந்து நிமிடம் ஓதச் சொல்லிக் கேட்பார்கள். அதை நோட்டில் எழுதுவார்கள். ஜமாஅத் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது அந்த நோட்டையும் வாசிக்கவேண்டும். உஸ்தாதுக்கு என்ன தேவை என்று அவரே எழுத அதில் ஒரு பக்கம் இருக்கும்.

முதல் பரிசோதனை வருகிற ஞாயிறு, அஸருக்குப் பிறகு. பிள்ளையை மட்டும் அனுப்பிவிடாதீர்கள், நீங்களும் கூட வாருங்கள். ஓதுகிற கிதாபைப் பையில் வைத்துவிடுங்கள். அம்ம ஜுஸ்வு முடித்துவிட்டான் என்று நிறுத்திவைத்த பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். காயிதாவில் இருந்தே மறுபடியும் தொடங்கவேண்டி வந்தால், வெட்கப்படாமல் இருக்க அவர்களுக்குத் தனி நேரம் வைத்திருக்கிறோம். அந்த வகுப்பை நான்தான் எடுக்கப்போகிறேன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.