அயலைத் தேர்தல்: ஓர் அறவியல் நோக்கு

பெருநகர் ஒன்றிற் குடியேறப் புறப்படும் ஒருவர் முதலிற் கேட்கும் வினா, "எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம்?" என்பதாகும். வாடகை எவ்வளவு, வேலைத்தலம் எவ்வளவு தூரம், இரவில் அச்சமின்றி நடக்கலாமா, பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலை உண்டா என்பன இவ்வினாவின் கிளைகள். இவற்றை எவரும் அறப் பிரச்சினைகளாகக் கருதுவதில்லை. செருப்பு வாங்குபவன் தன் காலுக்கேற்ற அளவைத் தேடுவது போல, வீடு தேடுபவனும் தன் வசதிக்கேற்ற அயலைத் தேடுகின்றான். இதிற் பிறர் குறுக்கிட என்ன இருக்கின்றது என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் ஏற்கத்தக்கது என்பதை, ஐக்கிய அமெரிக்காவின் பெருநகர்களுள் ஒன்றாகிய சிக்காகோவை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிக்காகோவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நகரை அயல் அயலாக வகுத்து ஆராயும் மரபு வேரூன்றிய இடம் அது. 1920களில் சிக்காகோப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் வகுத்த சமுதாயப் பகுதிகள் சிற்சில மாற்றங்களுடன் இன்றும் வழக்கிலுள்ளன. அவற்றின் தொகை 77. இப்பகுதிகளிடையேயுள்ள வேறுபாடு சிறிதன்று. 2019இல் நியூயோர்க் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர் வெளியிட்ட கணிப்பின்படி, ஏரிக்கரையை அண்டிய ஸ்றீற்றர்வில் பகுதியிற் பிறக்கும் குழந்தையின் ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 90 ஆண்டுகள். தெற்கேயுள்ள இங்கிள்வூட் பகுதியில் அது ஏறத்தாழ 60. ஒரே நகரம், சில மைல் தூரம், முப்பது ஆண்டு வாழ்வு வேறுபாடு. எனவே அயலைத் தேர்பவன் ஒரு கூரையை மாத்திரம் தேர்வதில்லை. தன் பிள்ளையின் கல்வியையும் உடல்நலத்தையும் நட்பையும் சேர்த்தே தேர்கின்றான். தேரும் ஆற்றல் இல்லாதவனுக்கோ இவையனைத்தும் பிறரால் தேரப்பட்டுவிடுகின்றன.

இவ்வேறுபாடு இயற்கையாக விளைந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சிக்காகோவின் பல பகுதிகளில், கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்பதில்லை, வாடகைக்குக் கொடுப்பதில்லை என ஆதன உரிமையாளர் தம்முள் உடன்படிக்கை செய்து அதனைப் பதிவுசெய்தனர். 1937இல் கார்ள் ஹான்ஸ்பெரி என்னும் கறுப்பின வணிகர் அத்தகைய பகுதியொன்றில் வீடு வாங்கியபோது, அவரை வெளியேற்ற வழக்குத் தொடுக்கப்பட்டது. 1940இல் உயர் நீதிமன்றம் அவர் சார்பாகத் தீர்ப்பளித்ததெனினும், அத்தகைய உடன்படிக்கை நியாயமானதா என்ற வினாவை அது தொடவில்லை. இவ்வுடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றுதல் ஆகாது என்ற தீர்ப்பு 1948இலேயே வந்தது. இதற்கிடையே, 1930களிற் சமஷ்டி அரசாங்கத்தின் வீட்டுக்கடன் நிறுவனமொன்று நகரப் பகுதிகளை நான்கு தரமாக்கி வரைபடங்கள் தயாரித்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் கடைத்தரமாகி, "அபாயகரமானவை" எனச் சிவப்பு வர்ணம் பூசப்பட்டன. அரசாங்கத்தின் கடன் காப்புறுதியும் இத்தகைய பகுதிகளைப் புறக்கணித்தது. கடன் கிடையாத இடத்தில் வீடு பழுதடையும். பழுதடைந்த இடத்தை விட்டு வசதியுள்ளோர் விலகுவர். பின்னர் வருபவன் அதனைக் கண்டு, "இது நல்ல அயலன்று" எனத் தன் சொந்த அறிவாற் கண்டறிந்ததாக எண்ணிக்கொள்கின்றான்.

1966இல் மாட்டின் லூதர் கிங் சிக்காகோவின் நோர்த் லோண்டேல் பகுதியில், பழுதடைந்த மாடிவீடொன்றிற் குடும்பத்துடன் குடியேறி வீட்டுரிமைப் போராட்டத்தை நடத்தினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 5ஆந் திகதி மார்க்கெற் பூங்காப் பகுதியூடாக ஊர்வலஞ் சென்றபோது அவர்மீது கல் வீசப்பட்டது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சமஷ்டிச் சட்டம் 1968இல், அவர் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் நிறைவேறியது.

சட்டம் வந்தபின் எஞ்சியிருப்பது தனிமனித விருப்பம் மாத்திரமே. விருப்பத்திற் குற்றமில்லை என ஒருவர் வாதிடலாம். இதற்கு விடைகாணப் பொருளியலாளர் தோமஸ் ஷெலிங் 1971இல் வெளியிட்ட ஆய்வு துணைபுரிகின்றது. சதுரங்கப் பலகை போன்றதொரு தளத்தில் இருவகைக் காசுகளை அவர் பரப்பினார். ஒவ்வொரு காசும் தன் அயலிலுள்ளவற்றுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காவது தன் வகையைச் சேர்ந்ததாயிருத்தலை மாத்திரம் விரும்புவதாகக் கொண்டு, அவ்விருப்பம் நிறைவேறாத காசுகளை இடம்பெயர்த்தார். முழுப் பிரிவினையை எந்தக் காசும் விரும்பவில்லை. ஆயினும் இறுதியிற் பலகை பெரும்பாலும் வகைவகையாகப் பிரிந்து நின்றது. தனித்தனியே நோக்கின் பெரிதும் பழிக்க இயலாத விருப்பங்கள், கூட்டாக நோக்குமிடத்து ஒரு கொடுமையை உருவாக்கலாம் என்பது இதனாற் புலனாகின்றது. ஆயினும் சிக்காகோவின் பலகை தொடக்கத்திலேயே சமமாகப் பரப்பப்பட்டதன்று. சட்டமும் வங்கியும் காசுகளை முன்னரே ஒதுக்கி வைத்திருந்தன. அதை மறந்து ஷெலிங்கை மாத்திரம் மேற்கோள் காட்டுபவர், செய்த தீங்கைத் தானாக நேர்ந்த தீங்காக மாற்றிவிடுவர்.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். தாய் தந்தையருக்குத் தம் பிள்ளையின் நலன் பேணும் கடமை இல்லையா? உண்டு, அது அற்பக் கடமையுமன்று. 1994இல் சிக்காகோ உட்பட ஐந்து அமெரிக்க நகரங்களில், வறிய பகுதிகளின் அரசாங்க வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களுக்குச் சீட்டுக்குலுக்கல் மூலம் வறுமை குறைந்த பகுதிகளுக்குச் செல்ல உதவியளிக்கும் பரீட்சார்த்தம் தொடங்கியது. பதின்மூன்று வயதுக்கு முன் அவ்வாறு இடம்பெயர்ந்த பிள்ளைகளின் வருமானம், அவர்களது இருபதுகளின் நடுப்பகுதியில், உதவி பெறாத பிள்ளைகளின் வருமானத்தைவிட 31 சதவீதம் உயர்ந்திருந்ததென 2015இற் பொருளியலாளர் கண்டனர். அயல் இவ்வளவு வலிமை வாய்ந்ததாயின், நல்ல அயலைத் தேடும் பெற்றோரைத் தன்னலவாதி எனப் பழிப்பது எளிதன்று. அவ்வாறு பழிப்பவர் பெரும்பாலும் நல்ல அயலில் இருந்துகொண்டே பழிக்கின்றனர்.

வறிய அயலைத் தேர்ந்து குடியேறினால் அறம் நிறைவேறிவிடுமா? அதுவும் ஐயத்திற்குரியதே. சிக்காகோவின் பில்சன் பகுதி முதலிற் செக் நாட்டவரின் குடியிருப்பாகவும், பின்னர் மெக்சிக்கரின் குடியிருப்பாகவும் விளங்கியது. அண்மைத் தசாப்தங்களில், வாடகை மலிவையும் சுவரோவியங்களின் அழகையும் விரும்பிப் படித்த இளைஞர் பலர் அங்கு சென்றனர். வாடகை உயர்ந்தது, மெக்சிக்கக் குடும்பங்கள் பல வெளியேறின. ஆக, விலகிச் செல்பவன் கைவிடுகின்றான். வந்து சேர்பவன் வெளியேற்றுகின்றான். எப்பக்கம் திரும்பினும் தீங்கெனின் அறம் பற்றிப் பேசுவதாற் பயன் யாது?

இங்குதான் வினாவையே சற்று மாற்றிக் கேட்டல் வேண்டும். எங்கே குடியேறினான் என்பதைவிட, குடியேறியபின் கதவை என்ன செய்தான் என்பதே முதன்மையான வினா. ஒருவனது செயலின் நெறி யாவர்க்கும் பொதுவிதியாகுமாறு அவன் விரும்ப இயலுமா என்பது ஜேர்மன் மெய்யியலாளர் காண்ற் வகுத்த சோதனை. "என் பிள்ளைக்கு நல்ல பாடசாலை வேண்டும்" என்பது இச்சோதனையில் தேறும். "என் பிள்ளைக்கு நல்ல பாடசாலை வேண்டும், அதற்காக மற்றவன் பிள்ளை வரலாகாது" என்பது தேறாது. அமெரிக்கப் புறநகர்கள் பலவற்றிற் பாடசாலைகள் உள்ளூர் ஆதன வரியிற் பெரிதும் தங்கியுள்ளன. தொடர்மாடிகளைத் தடுத்து, பெரிய காணியில் தனிவீடு மாத்திரம் கட்டலாமென விதிசெய்யும் ஊர், எவரையும் இனத்தின் பெயராற் புறக்கணிப்பதில்லை. வசதியில்லாதவன் தானாகவே நின்றுவிடுகின்றான். முன்னைய உடன்படிக்கையின் பணியைக் காணி அளவு செய்கின்றது.

ஹான்ஸ்பெரியின் மகள் லொறெயின் 1959இல் மேடையேற்றிய நாடகத்தில், வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கிய கறுப்பினக் குடும்பத்திடம் அப்பகுதிச் சங்கத்தின் பிரதிநிதி வருகின்றார். அவர் ஏசவில்லை, கல்லெறியவில்லை. பணிவாக இருந்து, சமுதாய ஒற்றுமை பற்றிப் பேசி, வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் பணம் தருவதாகச் சொல்கின்றார். கதவு அடைக்கப்படுவது பெரும்பாலும் இத்தகைய மரியாதையுடனேயே.

இதற்கு எதிரான முன்மாதிரியும் அதே நகரில் உண்டு. 1889இல் ஜேன் அடம்ஸ், எலன் கேற்ஸ் ஸ்ரார் என்னும் இரு பெண்கள், வந்தேறிய தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த ஹோல்ஸ்ரெட் வீதியில் ஹல் ஹவுஸ் என்னும் இல்லத்தைத் தொடங்கினர். ஏழைகள் மத்தியில் வாழ்ந்தமை மாத்திரம் அடம்ஸின் சிறப்பன்று. தெருக்களிற் குப்பை அழுகிக் கிடப்பதைக் கண்டு, 1895இல் அவ்வட்டாரத்தின் குப்பைப் பரிசோதகராகவே அவர் பதவியேற்றார். அயலின் குறையைக் கண்டு விலகுவதும், அதனைக் கண்டும் காணாதிருப்பதும் அன்றி மூன்றாவது வழியொன்று உண்டென்பதை அவர் காட்டினார்.

இவ்வினா சிக்காகோவுக்கு மாத்திரம் உரியதன்று. யாழ்ப்பாணக் கிராமங்களில் "நீர் எந்தக் குறிச்சி?" எனக் கேட்பது பெரும்பாலும் வழி அறிவதற்கன்று, சாதி அறிவதற்கே. இதனை எழுதுபவனின் ஊரிலும் காணி விற்பனைக்கு வந்தால், விலைக்கு முன்னர் எழும் கேள்வி, "ஆருக்கு விற்கப் போறியள்?" என்பதே. அமெரிக்கரின் சிவப்பு வரைபடத்தைக் கண்டு வியப்பதற்கு முன், தாளில் வரையப்படாத நம் வரைபடத்தையும் நாம் விரித்துப் பார்த்தல் தகும்.

வீடு தேடுபவனைப் பழிப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. பாதுகாப்பைத் தேடுக, நல்ல பாடசாலையையும் தேடுக. ஆயின் தேடும்போது, தான் அஞ்சுவது ஆபத்தையா, மனிதரையா எனத் தன்னைத் தானே ஒருமுறை கேட்டுக்கொள்க. குடிபுகுந்த பின், அடுத்து வருபவன் எவனாயினும், அவனுக்கும் அதே கதவு திறந்திருக்கக் குரல் கொடுக்க. அயலைத் தேர்வது ஒருநாட் செயல். அயலவனாயிருப்பதோ நாடோறும் செய்யவேண்டிய கடமை. அறம் இவ்விரண்டாவதிலேயே தங்கியுள்ளது என்பது இதனை எழுதுபவனின் துணிபு.