கண்ணாடியில் அந்தி

சிங்கப்பூரின் பீச் சாலையில் ‘கேட்வே’ என்னும் இரட்டைக் கோபுரங்கள் 1990ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றன. சீன அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வகுத்த வடிவம் அது. கத்திமுனை போல் கூர்ந்து நிற்கும் அவற்றின் கண்ணாடிச் சுவர்களில் மாலை வெயில் படியும்போது, ஞாயிறு மேற்கே இறங்குகிறதா, கிழக்கே எழுகிறதா என ஐயுறத் தோன்றும். ஆங்கே படமெடுப்பவர், ஞாயிற்றுக்கு முதுகு காட்டி நின்றே ஞாயிற்றைப் படம் பிடிக்கிறார்.

மெய்ப்பொருள் இருக்க நிழலைப் போற்றுவதா எனக் கடிவாரும் உளர். அக்கடிதல் பொருந்தாது. கண்ணாடி தன்பால் பட்ட ஒளியில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது, அவ்வளவே. வெளியே வெளிச்சம் மிகுந்தும் உள்ளே குறைந்தும் இருப்பதால், அப்பங்கே சுவரை நிறைத்துக் காட்டுகிறது. சூடேற்றி வலுவாக்கிய தகடுகளில் நுண்ணிய வளைவுகள் இருத்தலின், சாளரத்துக்குச் சாளரம் ஞாயிறு வெவ்வேறாய் நெளிகிறது. அந்நெளிவும் பொய்யன்று.

எனின், பொய் எங்கே புகுகிறது? பொய் என்னும் சொல் சற்றுக் கடுமையாகவும் இருக்கலாம். சில மாலைகளில், உயரத்தே தொங்கும் மேடையில் இருவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பர். அவர்கள் விலகும்வரை படமெடுப்பவர் காத்திருப்பார். அவர்கள் துடைத்ததால் அன்றோ அந்தி அத்துணைத் தெளிவாய்த் தெரிகிறது? காட்டியது யாவும் உண்மை. காட்டாது விட்டதால் வாய்மை குறைந்ததா?

வள்ளுவர் வாய்மையைத் தீங்கின்மையால் அளந்தார். அவ்வளவுகோலை ஈண்டும் வைத்துப் பார்க்கலாம். எதிரொளி தீங்கு செய்ததும் உண்டு. இலண்டன் மாநகரின் ஃபென்சர்ச் தெருவில் எழுந்த, உட்குழிந்த கண்ணாடி முகமுடைய கட்டடம், 2013ஆம் ஆண்டில் வெயிலைக் குவித்துத் தெருவில் நிறுத்தியிருந்த காரின் உறுப்புகளை உருக்கியது. 2014இல் அதன் முகத்தில் வெயில் தடுப்புகள் பொருத்தினர். சிங்கப்பூரிலோ, கட்டடத்தின் வெளிப்புறக் கண்ணாடி நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஒளியைத் திருப்பலாகாது என விதியே இருக்கிறது. ஒளிக்கு விதி செய்தாயிற்று. படத்திற்கு விதி செய்வார் யார்?

துடைப்பவர்க்கு அப்படத்தால் தீங்கொன்றுமில்லை எனலாம். அவர் அதனைக் காணப்போவதும் இல்லை. ஆயின், நீக்கிப் பழகிய கண் படமெடுக்காத வேளையிலும் நீக்கியே பார்க்கும். பள்ளி விழாப் படங்களில் பந்தல் கட்டியவர் இடம்பெறாதது எவரையும் உறுத்துவதில்லை. ஆசிரியர்கள் அறிந்ததே இது. எல்லாவற்றையும் ஒரு சட்டத்துள் அடைத்தல் இயலாது, தேர்வின்றிக் கலையும் இல்லை என்பது மெய்தான். ஆகவே துடைப்பவரைப் படத்தில் சேர்க்காமை குற்றமாகாது. காத்திருந்த அந்நேரம் முழுவதும் அவரைக் காட்சிக்கு இடையூறாக மட்டுமே கருதியது குற்றமாகலாம்.

நிலநடுக்கோட்டை அடுத்த ஊராதலின் அங்கே ஞாயிறு ஏறத்தாழச் செங்குத்தாக இறங்கும். அந்தி நெடிது நில்லாது. ஏழு மணியளவில் வெளியே ஒளி குன்ற, உள்ளே விளக்குகள் எரிய, அதுவரை வானத்தைக் காட்டிய கண்ணாடி அறைகளைக் காட்டத் தொடங்கும். படமெடுத்தவர் முக்காலித் தாங்கியை மடித்துக்கொண்டு புறப்படுவதும் அப்பொழுதுதான். மேல்மாடியொன்றில் முதிய பெண்மணி ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பார்.